வேப்பிலைக்குக் கப்பலில் இடமில்லை

சிங்காநல்லூர்,
7-5-2020, வியாழன்.

அம்புஜத்துக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி.

என் நம்பரை நீ தடுத்து வைத்து நாலு வருஷம் ஆகிறது. லாஸ்யாவிடம் சொல்லியனுப்பலாம் என்று பெங்களூருக்குப் போன் போட்டால், "உங்க ரெண்டு பேருக்கும் நடுவால நான் தபால்காரியாப்பா?" என்று நம் மகள் பட்டென்று வைத்துவிட்டாள். நிஜத் தபாலும் இந்த ஊரடங்கில் ஒழுங்காக ஓடவில்லை. ஓடுவது லாரி ஒன்றுதான். நம் சரக்கை எப்போதும் ஏற்றும் உக்கடம் பீர் முகம்மது பாய், கண்ணாடியில் 'அத்தியாவசியப் பொருள்' என்று ஒட்டிக்கொண்டு வாரம் இரண்டு நடை தூத்துக்குடி போய் வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எழுதுவதும் ஒரு வகையில் நல்லதுதான். நமக்குச் சண்டை வருவதெல்லாம் வீட்டில் பேசும் தெலுங்கில். எழுதத் தெரிந்ததோ தமிழ் மட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். மொம்பாசாவில் மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு நானூற்று எண்பது பம்பு கேட்டிருக்கிறார்கள். கொரோனாவுக்கென்று புது வார்டுகள் கட்டிவிட்டுத் தண்ணீர் ஏற்ற வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கை கழுவு, கை கழுவு என்று உலகமே கத்துகிறது. கழுவத் தண்ணீர் முதலில் தொட்டிக்கு ஏற வேண்டுமே! மே 23 காலை தூத்துக்குடியிலிருந்து ஒரு கப்பல் போகிறது. அதை விட்டால் அடுத்தது எப்போது என்று ஒருத்தனுக்கும் தெரியவில்லை. அதில் வராவிட்டால் வேறு நாட்டில் வாங்கிக்கொள்கிறோம் என்று எழுதிவிட்டார்கள்.

கலெக்டர் ஆபீஸில் அலைந்து, பாதி ஆட்களோடு வேலை செய்ய அனுமதி வாங்கிவிட்டேன். பம்பு நான் செய்துவிடுவேன், அதில் பயமில்லை. பேப்பர்தான் பயம். ஏற்றுமதி பார்க்கும் என் தம்பி ராமுலு ஐதராபாத்தில் மாமனார் வீட்டில் மாட்டிக்கொண்டான். தூத்துக்குடியில் நமக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஏஜென்ட் ஆபீஸைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். ராமுலுவின் பீரோவைத் திறந்து பழைய கோப்புகளைப் பார்த்தேன். முக்கால்வாசி உன் கையெழுத்தாக இருக்கிறது.

நீ அங்கே சொந்தமாக, சுங்கத்தில் பேப்பர் முடித்துச் சரக்கைக் கப்பலேற்றும் கிளியரிங் ஏஜென்டாக இருப்பதாக பாய்தான் சொன்னார். இந்த ஒரு கண்டெய்னரை மட்டும் கப்பலில் ஏற்றிக் கொடு. இந்த ஆர்டர் போனால் முப்பத்தெட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்ட வேண்டியதுதான். எனக்காக வேண்டாம், அவர்களுக்காகச் செய்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே வெயில் ரொம்ப என்கிறார்கள்.

இப்படிக்கு,
சென்னகேசவன்.


தூத்துக்குடி,
9-5-2020.

திரு. சென்னகேசவன் அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

துறைமுகம் மூடவில்லை, ஆனால் பாதி உயிரில்தான் ஓடுகிறது. கப்பல் வருகிறது, மாலுமிகள் யாரையும் இறங்க விடுவதில்லை. மாசக்கணக்காக வீடு போகாத பிள்ளைகள் மேல்தளத்தில் நின்று கரையைப் பார்த்துக் கையாட்டுகிறார்கள். சுங்க அலுவலகத்தில் பத்துப் பேர் இருந்த இடத்தில் மூன்று பேர். மூட்டை ஏற்றுகிற வடநாட்டு ஆட்கள் நடந்தே ஊருக்குப் போய்விட்டார்கள். ஆகவே, லாரியில் அனுப்பி இங்கே கண்டெய்னரில் ஏற்றுகிற பழக்கமெல்லாம் இப்போது நடக்காது. காலிக் கண்டெய்னரை பாய் லாரியில் அங்கே அனுப்புகிறேன். உங்கள் தொழிற்சாலையிலேயே ஏற்றி, சீல் வைத்து அனுப்புங்கள். அடியில் வைக்கும் மரப்பலகை பூச்சி சாகச் சூடேற்றி முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும். முத்திரையில்லாத பலகை ஒன்று இருந்தாலும் தொலைந்தோம்.

பேப்பர் நான் பார்த்துக்கொள்கிறேன். மற்ற பார்ட்டிகளுக்கு என்னவோ அதே கூலி உங்களுக்கும். ஒரு நிபந்தனை உண்டு. எனக்கு அதிகாரம் கொடுக்கும் கடிதத்தில் 'திருமதி சென்னகேசவன்' என்று எழுதக் கூடாது. 'கே. அம்புஜம், கிளியரிங் ஏஜென்ட்' என்று, என் அப்பாவின் இனிஷியலோடு எழுத வேண்டும். நீங்களே டைப் அடித்து, நீங்களே கையெழுத்துப் போட வேண்டும்.

இது வீம்பு என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். 2016இல் கம்பெனியின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா நடந்ததே. லேத் ஓட்டுபவரிலிருந்து வாட்ச்மேன் வரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டீர்கள். "ஏற்றுமதின்னா எங்க தம்பி ராமுலுதானுங்க" என்று கேடயத்தை அவன் கையில் கொடுத்தீர்கள். பதினெட்டு வருஷம் ஒவ்வொரு கண்டெய்னருக்கும் பேப்பர் போட்டவள் பந்தியில் பாயசம் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கேட்டதற்கு, "ஊட்டுப் பொம்பளைக்கு எதுக்கு அம்மணி மேடை?" என்றீர்கள். அன்றைக்கு அறுந்தது. நாற்பத்தைந்து வயதில் பரீட்சைக்குப் படித்து வாங்கிய உரிமம் இது. இதில் என் பெயர்தான் இருக்கிறது. அந்தப் பெயருக்குக் கடிதம் வந்தால் வேலை நடக்கும்.

கே. அம்புஜம்.


சிங்காநல்லூர்,
13-5-2020.

அம்புஜத்துக்கு,

நீ கேட்ட கடிதம் இத்துடன் இருக்கிறது. மூன்று தடவை அடித்தேன். முதல் தடவை கை பழக்கத்தில் 'திருமதி' என்று போய்விட்டது, இரண்டாம் தடவை 'கே.'வை விட்டுவிட்டேன். மூன்றாவது சரி. ஒரு விரலால் அடிக்கிறேன், அதற்காவது இரக்கப்படு. சரக்குப் பட்டியலும் நானே அடித்தது.

விழாவைப் பற்றி எழுதியிருந்தாய். இத்தனை வருஷம் கழித்து அதை எதற்குக் கிளற வேண்டும்? பாயசம் நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்களே.

இங்கே ஆட்கள் பத்தொன்பது பேர் தொழிற்சாலைக்குள்ளேயே தங்கியிருக்கிறார்கள். வெளியே போய் வந்தால் நோய் வரும் என்று அவர்களாகவே எடுத்த முடிவு. நானும் அவர்களோடுதான் இருக்கிறேன். சமையல் முறை வைத்திருக்கிறோம். என் முறை வந்த அன்று ரசம் வைத்தேன். பேக்கிங் பார்க்கும் குழந்தையம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏனுங்க மொதலாளி, இதக் குடிச்சா கொரோனாவே ஓடிப்போயிருமுங்க" என்றாள். அதற்குப் பிறகு என்னைக் காய் நறுக்க மட்டும்தான் விடுகிறார்கள்.

பேரிங் வரவில்லை, கூரியர் கிடையாது. டவுன்ஹால் பக்கம் மூடிக்கிடந்த கடைக்காரரை வீட்டில் போய்க் கெஞ்சி, போலீஸிடம் சீட்டு வாங்கிக் கடையைத் திறக்க வைத்து எடுத்து வந்தேன். முகமூடி தைக்க சோமனூர் தறிக்காரர் ஒருத்தர் ஒரு முழுச் சுருள் காடாத் துணி சும்மாவே கொடுத்தார். இன்றோடு முந்நூற்றுப் பத்துப் பம்பு தண்ணீர் இழுத்துக் காட்டிவிட்டது. இவ்வளவு வேகமாக நம் ஷெட்டில் எந்தக் காலத்திலும் வேலை நடந்ததில்லை. நீ பார்த்திருந்தால் அசந்து போயிருப்பாய்.

சென்னகேசவன்.


தூத்துக்குடி,
15-5-2020.

திரு. சென்னகேசவன் அவர்களுக்கு,

கடிதம் சரியாக இருக்கிறது. பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

பட்டியல் சரியாக இல்லை. வெறும் பம்பின் எடை, பெட்டியோடு சேர்த்த எடையைவிட அதிகமாக இருக்கிறது. உங்கள் அட்டைப் பெட்டி என்ன காற்றில் மிதக்குமா? பெட்டிகளைக் கூட்டினால் நானூற்று எண்பத்தொன்று வருகிறது. கீழே ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. எல்லாவற்றையும் சிவப்பு மையில் திருத்தி அனுப்பியிருக்கிறேன். இப்படிப் பதினெட்டு வருஷம் ராமுலு அடித்ததைத் திருத்தியிருக்கிறேன். சிவப்பு மையை வீட்டுக் கணக்கில்தான் வாங்குவேன்.

பாயசம் நன்றாக இருந்ததா! எனக்கு வலித்தது என்று எழுதினேன். வலித்ததா என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகட்டும். கோபத்தைக் காட்டப் போய் முப்பத்தெட்டுக் குடும்பத்தின் வயிற்றில் அடிக்கிற ஆள் நான் இல்லை. சுங்கத்தில் ஷிப்பிங் பில் போட்டுவிட்டேன். கப்பலில் இடம் உறுதி. 22ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் துறைமுகக் கதவை அடைப்பார்கள். அதற்குள் கண்டெய்னர் உள்ளே இருக்க வேண்டும். ஆறு மணி ஒரு நிமிஷம் என்றாலும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

ரசத்தில் புளியைக் குறையுங்கள். குழந்தையம்மாளைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவள் முழங்கால் எப்படி இருக்கிறது?

கே. அம்புஜம்.


சிங்காநல்லூர்,
19-5-2020, செவ்வாய்.

அம்புஜத்துக்கு,

ஜெயித்துவிட்டோம்! நானூற்று எண்பதும் முடிந்து, பெட்டி கட்டி, கண்டெய்னரில் ஏற்றி, சீலும் வைத்தாகிவிட்டது. நீ படிக்கும்போது அது உன் எதிரில் நிற்கும். பலகை முத்திரையெல்லாம் நானே ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். எடையை இந்தத் தடவை நாலு தடவை கூட்டினேன்.

பூஜை அமர்க்களம். நீ போன பிறகு இத்தனை வருஷம் சரக்கு லாரியில் போய்க்கொண்டிருந்ததால் பூஜையும் லாரிக்குத்தான் நடந்தது. இன்றைக்கு மறுபடி நம் வாசலிலேயே கண்டெய்னர். விடுவோமா? உள்ளே வாசல் நெடுக மாவிலைத் தோரணம், நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம், தரையெல்லாம் மஞ்சள் அரிசி. அதோடு குழந்தையம்மாள் இன்னொன்றும் செய்திருக்கிறாள். போகிற இடம் ஆஸ்பத்திரி, நோய் அண்டக் கூடாது என்று ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு கொத்து வேப்பிலை வைத்து மூடியிருக்கிறாள். "நானூத்தி எம்பதுக்கும் வெச்சுப்போட்டேனுங்க, ஒண்ணுகூட விடலீங்க" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இத்தனை வருஷத்தில் நம் கண்டெய்னர் ஒன்றாவது திரும்பி வந்திருக்கிறதா சொல். எல்லாம் இந்தப் பூஜையின் பலன்தான். நீ இதையெல்லாம் நம்ப மாட்டாய், தெரியும்.

சென்னகேசவன்.


தூத்துக்குடி,
23-5-2020, சனிக்கிழமை.

என்னங்க,

முதலில் நல்ல சேதி. இன்று காலை ஏழே காலுக்குக் கப்பல் புறப்பட்டது. உங்கள் நானூற்று எண்பது பம்பும் அதில் போகிறது. நானும் பாயும் தடுப்புச் சுவர் ஓரமாக நின்று, கண்ணுக்கு மறைகிற வரை பார்த்தோம். மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு பாய் கண்டெய்னரோடு வந்து உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். லாரி நிழலில் நின்றுகொண்டே படித்தேன். வேப்பிலை என்ற இடம் வந்ததும் ஐயோ என்று கத்திவிட்டேன். "என்னம்மா, யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?" என்று பாய் பதறிப்போனார்.

இறங்குகிற துறைமுகத்தில் இலை, பழம், தானியம் எதுவும் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வரக் கூடாது. இலையோடு பூச்சி வரும், பூச்சி அந்த ஊர் வெள்ளாமையைத் தின்னும் என்று பயம். பயம் நியாயம்தானே? ஒரு பெட்டியைத் திறந்து ஒரு வேப்பிலை கண்டால் கண்டெய்னரையே பிடித்து வைப்பார்கள், திருப்பியும் அனுப்புவார்கள். இந்த நெருக்கடியில் அதை யார் உட்கார்ந்து விசாரித்து விடுவிப்பார்கள்?

இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நம் கண்டெய்னர் ஒன்றாவது திரும்பியிருக்கிறதா என்று கேட்டீர்களே. திரும்பாததற்குக் காரணம் நான்தான். 1998லிருந்து ஒவ்வொரு பூஜை முடிந்ததும் நீங்களும் ராமுலுவும் சீல் வைக்க வந்த சுங்க ஆபீஸருக்குக் காபி கொடுக்க உள்ளே போவீர்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் நான் கண்டெய்னருக்குள் ஏறி, மாவிலையைக் கழற்றி, எலுமிச்சம்பழத்தைப் பொறுக்கி, மஞ்சள் அரிசியை ஒரு மணி விடாமல் பெருக்கி, முந்தானையில் கட்டிக்கொண்டு இறங்குவேன். அப்புறம்தான் சீல். குழந்தையம்மாள் கேட்டால், "பழம் அழுகிப்போகும், அதான்" என்பேன். உங்களிடம் சொன்னால் சாமி காரியத்தில் தலையிடுகிறாள் என்பீர்கள், அதனால் சொல்லவில்லை. சொல்லாதது என் தப்பு. சொன்னால் கேட்பீர்கள் என்ற நம்பிக்கையை எனக்குக் கொடுக்காதது உங்கள் தப்பு.

சரி, கதைக்கு வருகிறேன். வைத்த சீலை நாமாக உடைக்க முடியாது, சுங்க அதிகாரி எதிரில்தான் உடைக்க வேண்டும். அலுவலக வாசலில் போய் உட்கார்ந்தேன். இருந்த மூன்று பேரும் தலைக்கு மேல் வேலையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் வரை உட்கார்ந்து, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். இவ்வளவு நேராக ஒரு விண்ணப்பம் பார்த்ததில்லை என்று அந்த அதிகாரி சிரித்துவிட்டார். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கண்டெய்னர் நிற்கும் யார்டுக்கு வந்து, நின்று, சீலை உடைக்க வைத்தார்.

ஆள்? யார்டில் ஈ காக்கை இல்லை. பாயும் நானும் மட்டும் நானூற்று எண்பது பெட்டியை இறக்கித் திறந்து மூடுவதென்றால் ரம்ஜான் போய் பக்ரீத் வந்துவிடும். என் தெருவில் உப்பளத்து வேலைக்குப் போகிற இசக்கியம்மாள் இருக்கிறாள். உப்பளமும் முடங்கி வீட்டில் சும்மாதான் இருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "எக்கா, உப்புப் பெட்டி சுமந்த தலைக்கு இந்த அட்டைப் பெட்டி ஒரு சுமையா? நீ சும்மா நில்லு" என்று ஏழு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எல்லோருக்கும் அனுமதிச் சீட்டு வாங்கினேன். உங்கள் சோமனூர்த் துணியில் தைத்த முகமூடி பாயின் வண்டியில் ஒரு கட்டு இருந்தது, அதையே கட்டிக்கொண்டோம்.

வியாழன் பகல் முழுக்க, வெள்ளி காலையிலிருந்து மறுபடியும். தோரணம், எலுமிச்சம்பழம், மஞ்சள் அரிசியை முதலில் வாரி எடுத்தோம். பிறகு பெட்டி பெட்டியாகத் திற, வேப்பிலையை எடு, உதறு, துடை, ஒட்டு, கட்டு. தகரக் கொட்டகையில் அடித்த வெயிலில் ஒட்டுகிற டேப் பசை இளகி வழிந்தது. பாய்க்கு நோன்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் பல்லில் படாமல் இரண்டு நாளும் பெட்டி தூக்கினார். "நீங்க உக்காருங்க பாய்" என்றால், "ஆஸ்பத்திரிக்குப் போற தண்ணிங்கம்மா, இதுவும் நோன்புல சேத்திதானுங்க" என்கிறார். அவரை என்ன செய்வது?

எடுத்த கொத்துகளை ஒரு சாக்கில் போட்டு எண்ணிக்கொண்டே வந்தோம். வெள்ளி மத்தியானம் இரண்டரை மணிக்குக் கடைசிப் பெட்டி. எண்ணினால் நானூற்று எழுபத்தொன்பது. மறுபடி எண்ணினோம், அதேதான். ஒரு கொத்து எங்கே? யார்டில் ஒரு ஆடு திரிந்துகொண்டிருந்தது. "அது தின்னுருக்கும்க்கா, விடு" என்றாள் ஒருத்தி. அதிகாரிகூட என் முகத்தைப் பார்த்தார். ஆடு தின்றிருந்தால் நல்லது, தின்னாவிட்டால்? குழந்தையம்மாள் ஒன்றுகூட விடவில்லை என்று சொன்னால் அவள் விட்டிருக்க மாட்டாள், எனக்கு அவளைத் தெரியும். "திறங்க, முதல்லேருந்து" என்றேன். எல்லோரும் மறுபடி குனிந்து டேப்பைக் கிழித்தார்கள். இசக்கியம்மாள் மட்டும் அந்த ஆட்டைத் திட்டிக்கொண்டே திறந்தாள்.

நூற்றுத் தொண்ணூற்று நாலாவது பெட்டியில் இருந்தது. பம்பின் வாய்க்குள் நழுவிப் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதோடு ஓடவிட்டிருந்தால் பம்பும் போயிருக்கும். அதைக் கையில் தூக்கிப் பிடித்ததும் எட்டுப் பெண்களும் குலவை போட்டார்கள் பாருங்கள், யார்டே அதிர்ந்தது! அதிகாரி கை தட்டினார். நான் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், வெட்கப்படவில்லை.

புது சீல், புது நம்பர், பில்லில் திருத்தம். ஐந்து மணி நாற்பது நிமிஷத்துக்கு பாய் வண்டியைத் துறைமுகக் கதவுக்குள் விட்டார். வெளியே வந்து பேரீச்சம்பழத்தோடு அவர் நோன்பு திறந்தபோது, உப்பளத்துப் பெண்கள் வீட்டிலிருந்து கொண்டு வந்த பானகத்தை நீட்டினார்கள்.

குழந்தையம்மாளை ஒரு சொல் சொல்லிவிடாதீர்கள். அவள் மனசு அந்த நானூற்று எண்பது பம்போடும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும், இலைதான் போகவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் வலி. ஆனால் இப்படித் தூங்கி எத்தனையோ வருஷம் ஆயிற்று.

அம்புஜம்.


சிங்காநல்லூர்,
1-7-2020.

அன்புள்ள அம்புஜத்துக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. பதில் எழுத உட்காருவேன், 'காபி கொடுக்க உள்ளே போவீர்கள்' என்று நீ எழுதிய இடம் ஞாபகம் வரும், எழுந்து போய்விடுவேன். எத்தனை காபி குடித்திருக்கிறேன்! ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

பம்பு போய்ச் சேர்ந்தது. அங்கே கண்டெய்னரைத் திறந்து ஐம்பது பெட்டிக்கு மேல் பிரித்துச் சோதித்தார்களாம். தூசுகூட இல்லை என்று எழுதிக் கொடுத்து விட்டுவிட்டார்கள். மூன்று ஆஸ்பத்திரியிலும் மாட்டியாகிவிட்டது. ஒரு நர்ஸ் குழாயைத் திறந்து கை கழுவுகிற வீடியோ அனுப்பியிருக்கிறார்கள், பின்னால் நாலைந்து பேர் கை தட்டுகிறார்கள். ஷெட்டில் பெரிய திரையில் போட்டுக் காட்டினேன். குழந்தையம்மாள் மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தாள். நேற்று அடுத்த ஆர்டர் வந்தது. தொள்ளாயிரம் பம்பு. யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், இன்னும் பத்துப் பேரைச் சேர்க்க வேண்டும்.

திரையை அணைத்த பிறகு எல்லோரையும் நிற்கச் சொல்லி, உன் கடிதத்தை நானே படித்தேன். முழுக்கப் படித்தேன், எனக்குத் திட்டு விழுந்த இடத்தையும் விடவில்லை. "பதினெட்டு வருஷமா இந்தக் கம்பெனியோட ஏற்றுமதி அம்புஜத்தோட வேலைங்க. நான் மேடையில தப்பாச் சொல்லிப்போட்டேன். அன்னிக்கு அவுங்களுக்கு வலிச்சிருக்கும், நான் கேட்கலீங்க" என்றேன். ஐதராபாத்திலிருந்து வந்துவிட்ட ராமுலுவும் நின்றுகொண்டிருந்தான். அவனே போய் அந்தக் கேடயத்தை எடுத்து வந்து மேஜை மேல் வைத்துவிட்டு, "இது எனக்குச் சேராதுண்ணா" என்றான். குழந்தையம்மாள் தேம்பித் தேம்பி அழுதாள். "அழுகிப்போகும்னுதானுங்க சொல்லுவாங்க அம்மணி, நான் அதையே நம்பிப்போட்டேனே" என்றாள்.

வலித்ததா என்று கேட்கவில்லை என்றாய். இப்போது கேட்கிறேன். ரொம்ப வலித்ததா அம்புஜம்? மன்னித்துவிடு. எழுத வந்ததே இந்த இரண்டு வரிதான், மற்றதெல்லாம் சுற்றி வளைத்தது.

உன்னை டைரக்டராகப் போடப் பேப்பர் தயார். பெயர்ப் பலகையில் உன் பெயரையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். அம்மணி, ஊட்டுக்கு வந்துரு. உன் அறை அப்படியே இருக்கிறது.

உன்,
கேசவன்.


தூத்துக்குடி,
14-9-2020, திங்கள்.

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் ஐந்து வாரம் எடுத்துக்கொண்டீர்கள், நான் பத்து வாரம் எடுத்துக்கொண்டேன். கோபத்தால் இல்லை, வேலை. பாய் உங்கள் சரக்கோடு வந்து போகும்போதெல்லாம் "கடுதாசி ஏதாச்சும் உண்டுங்களாம்மா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்.

ஆம், ரொம்ப வலித்தது. நீங்கள் கேட்டதைப் படித்த அன்று நல்லதாக ஒரு சாப்பாடு சமைத்துச் சாப்பிட்டேன். மன்னித்துவிட்டேன்.

இனி என் சேதி. உங்கள் தொள்ளாயிரம் பம்பைப் பார்த்துவிட்டு பாய் சும்மா இருக்கவில்லை. போகிற வழியெல்லாம், "தூத்துக்குடில ஒரு அம்மா இருக்காங்க, பேப்பர அவுங்ககிட்ட குடுத்தா கப்பல் அவுங்களுக்காக நிக்குமுங்க" என்று சொல்லியிருக்கிறார். கப்பல் யாருக்காகவும் நிற்காது, நான்தான் கப்பலுக்கு முன்னால் போய் நிற்பேன். சோமனூரிலிருந்து ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, சிங்காநல்லூர்ப் பட்டறைகளிலிருந்து வால்வு, துடியலூரில் புதிதாக இரண்டு பெண்கள் சேர்ந்து தைக்கிற பாதுகாப்பு அங்கி. எல்லாம் தனியாக ஒரு கண்டெய்னரை நிரப்ப முடியாத சின்னச் சின்ன ஆட்கள். பெரிய ஏஜென்டுகள் இவர்களுக்குப் பதில்கூடப் போட மாட்டார்கள். நான் நாலு பேர் சரக்கை ஒரே கண்டெய்னரில் சேர்த்து அனுப்புகிறேன். நேற்று மட்டும் ஒரே கப்பலில் பதினான்கு கண்டெய்னர் போயிற்று. பதினான்கும் கொங்குச் சரக்கு, பதினான்கிலும் என் கையெழுத்து. உலகமே கதவைச் சாத்திக்கொண்டிருக்கிற இந்த வருஷத்தில்! இசக்கியம்மாள் இப்போது யார்டில் என் மேஸ்திரி. என்னைவிட அவளைப் பார்த்துத்தான் எல்லோரும் நடுங்குகிறார்கள்.

டைரக்டர் பதவி வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள், பேப்பர் தயார் என்று படித்ததும் சந்தோஷம்தான் பட்டேன். ஆனால் உங்கள் பலகையில் இடம் கேட்ட அம்புஜம் நாலு வருஷத்துக்கு முன்னால் இருந்தவள். இப்போது நானே பலகை போடுகிறேன். அடுத்த மாதம் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் ஆபீஸ் திறக்கிறது. இங்கே இசக்கியம்மாளும் ஒரு பையனும் பார்த்துக்கொள்வார்கள், நான் அங்கே. உங்கள் பம்பையும் நானே அனுப்புகிறேன். ஆனால் பேப்பரைத் தாமதமாகக் கொடுத்தால் உங்கள் சரக்குக்கும் அடுத்த கப்பல்தான், ஊட்டுக்காரர் என்று சலுகை கிடையாது.

ஊட்டுக்கு வா என்றீர்கள். வர மாட்டேன். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள், துடியலூரில் அந்த அங்கி தைக்கிற பெண்களின் தெருவிலேயே இரண்டு அறை வீடு ஒன்று வாடகைக்குப் பிடித்துவிட்டேன். தனியாகச் சம்பாதித்து, தனியாகப் பூட்டித் திறக்கிற அந்தச் சுகத்தை என்னால் இனி விட முடியாது. அதற்காக உங்களை விட்டுவிட்டதாக அர்த்தமில்லை. முப்பது வருஷத்தை அப்படித் துடைத்துப் போட முடியுமா என்ன?

அக்டோபர் நாலாம் தேதி ஞாயிறு பால் காய்ச்சுகிறேன். லாஸ்யா பெங்களூரிலிருந்து வருகிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு நீங்கள் வாருங்கள். கையை வீசிக்கொண்டு வந்தால் போதும். மேட்டுப்பாளையம் ரோட்டில் இறங்கினால் உள்ளே மூன்று சந்து திரும்ப வேண்டும், எனக்கே எழுதிக் காட்டத் தெரியவில்லை. இறங்கின இடத்தில் யாரையாவது நிறுத்தி, "ஏனுங்க, இங்க அம்புஜம் ஊடு எதுங்க?" என்று கேளுங்கள். காட்டுவார்கள்.

அம்புஜம்.